அச்சுக் கையேட்டில் வெற்றுப் பக்கங்கள்: எங்கே விடுவது, எங்கே எழுதுவது, எங்கே ஒழிப்பது?

#1 கையேடு_எழுத்தன்

வணக்கம். கம்ப்ரசர் பராமரிப்புக் கையேடு ஒன்று அச்சுக்குப் போக இருக்கிறது. ஏ5 அளவு, ஆஃப்செட், 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுதி), பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது). கோப்பு வேர்டில் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது வாடிக்கையாளர் விதி. அதை மாற்ற முடியாது.

பக்கக் கணக்கு:

முன்பகுதி (ரோமன் எண்) 11
அத்தியாயம் 1: 13
அத்தியாயம் 2: 22
அத்தியாயம் 3: 31
அத்தியாயம் 4: 18
அத்தியாயம் 5: 27
அத்தியாயம் 6: 40
அத்தியாயம் 7: 9
அத்தியாயம் 8: 14 (கடைசி இரண்டு பக்கம் ஆய்வுப் படிவம், உதிரிபாகப் பட்டியல்)
பொருளகராதி: 11

உள்ளடக்கம் 196 பக்கம். ஒற்றைப்படையில் முடிகிற இடமெல்லாம் ஒரு காலிப் பக்கம் விழுவதால் மொத்தம் 202. என் கேள்விகள்:

1. இந்த 6 காலிப் பக்கங்களிலும் 'இப்பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது' என்று போட வேண்டுமா, சும்மா விடலாமா?
2. வேர்ட் திரையில் இந்தக் காலிப் பக்கங்கள் தெரிவதே இல்லை. பிடிஎஃப் எடுத்தால் வருகின்றன. அதில் எதையும் தட்டச்சு செய்ய முடியவில்லை. என்ன வழி?
3. அச்சகம் 208 பக்கமாக்கச் சொல்கிறது. அப்படியென்றால் கடைசியில் இன்னும் 6 காலி. குறைக்க முடியுமா?
4. இதே பிடிஎஃப் இணையதளத்திலும் போகும். அதில் காலிப் பக்கங்கள் இருக்கலாமா?

#2 பைண்டிங்_பாலு

3-வது கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், காசு அங்கதான் போகுது.

12 ஃபாரம்னா 192 பக்கம். 202-ல மிச்சம் 10. அந்தப் பத்துக்கு ஒரு முழு ஃபாரம் ஓட்டணும், அதான் 208 கேக்கறாங்க. பத்தை எட்டாக்கினா அரை ஃபாரம் போதும்: 192 + 8 = 200. ஆக நீங்க குறைக்க வேண்டியது ரெண்டே பக்கம்.

அதுக்காக உள்ளடக்கத்துல ரெண்டு பக்கம் வெட்டணும்னு இல்ல. ஒண்ணு போதும். ஒற்றைப்படைப் பக்கத்துல முடியற அத்தியாயத்தை ஒரு பக்கம் சுருக்கினா, அதுக்குப் பின்னாடி இருக்கற காலிப் பக்கமும் சேர்ந்து போயிடும். உங்க பட்டியல்ல முன்பகுதி, 1, 3, 5, 7, பொருளகராதி எல்லாம் அந்த வகை. 2, 4, 6, 8-ல கை வெச்சா பிரயோஜனமே இல்ல. நீங்க வெட்டின இடத்துல புதுசா ஒரு காலிப் பக்கம் வந்து உக்காரும், மொத்தம் அதே 202 தான். நெறைய பேர் பெரிய அத்தியாயமாச்சேன்னு 6-ஐப் பிடிச்சு வெட்டுவாங்க. 40 ரெட்டைப்படை. ஒரு பக்கம் வெட்டறதெல்லாம் வீண் உழைப்பு.

அந்த ஆறுலயும் கடைசிப் பக்கத்துல எத்தனை வரி நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. கம்மியா இருக்கறதைப் பிடிங்க.

இன்னொண்ணு: 8 பக்க ஃபாரம் புத்தகத்தோட கடைசியில வரக்கூடாது, கடைசிக்கு முந்தினதா வரணும்னு அச்சகத்துல சொல்லிடுங்க. ஒல்லியான ஃபாரம் அட்டையை ஒட்டி நின்னா அந்த இடம்தான் முதல்ல தளரும். பக்க வரிசையை இம்போசிஷன் (ஃபாரத்துல பக்கங்களை அடுக்கறது) பண்றவங்க பாத்துப்பாங்க, உங்க பிடிஎஃப்ல எதையும் மாத்த வேண்டாம்.

இந்த 16 கணக்கு ஆஃப்செட்டுக்கு மட்டும்தான். சென்டர் பின்னுன்னா (நடுவுல மடிச்சுப் பின் அடிக்கறது) 4-ஆல வகுபட்டாப் போதும். டிஜிட்டல்ல தனித்தனித் தாளா அடிச்சு முதுகுல பசை போடறதுன்னா ரெட்டைப்படையா இருந்தாலே சரி, உங்க 202 அப்படியே போகும். எத்தனை பிரதி அடிக்கறீங்கன்னு பாத்துட்டு எந்த முறைன்னு முடிவு பண்ணுங்க.

#3 கையேடு_எழுத்தன்

நன்றி பாலு அண்ணே. 7-வது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஆறு வரியும் மூன்று வரிசை கொண்ட ஒரு சின்ன அட்டவணையும்தான் இருக்கின்றன. வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கிவிடலாமா?

#4 வலப்பக்கம்

வரி இடைவெளியைத் தொடாதீர்கள். ஒரே ஒரு அத்தியாயத்தில் மட்டும் இறுக்கினால் விரித்த பக்கத்தில் அது காட்டிக்கொடுக்கும். பக்கத்துக்குப் பக்கம் வரிகள் நேர்கோட்டில் நிற்காது, தாளின் மறுபக்க எழுத்தும் வரிகளுக்கு நடுவே நிழலாகத் தெரியும்.

முதலில் ஓட்டைகளைத் தேடுங்கள். 'அடுத்ததோடு சேர்த்து வை' என்ற அமைப்பு தலைப்புக்கும் படத்துக்கும் இருக்கும். அது ஒரு படத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருந்தால் முந்தின பக்கத்தின் அடியில் நாலைந்து விரல் அளவு வெற்றிடம் கிடக்கும். அந்தப் படத்தை ஒரு பத்தி மேலே ஏற்றினால் பல சமயம் வேலை முடிந்துவிடும். அடுத்து, கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்கும் பத்திகள். தமிழில் நீளமான சொற்கள் அடிக்கடி வருவதால் இவை நிறையவே இருக்கும். சொற்றொடரைக் கொஞ்சம் திருத்தினால் பத்திக்கு ஒரு வரி மிச்சம். 9 பக்க அத்தியாயத்தில் இப்படிப் பத்து வரி எடுப்பது கடினமில்லை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் அட்டவணைக் கட்டங்களின் மேல் கீழ் இடைவெளியைக் குறையுங்கள், ஆனால் நூல் முழுக்க ஒரே அளவாக.

எச்சரிக்கைப் பெட்டியைச் சுருக்கியோ பிரித்தோ இடம் பிடிக்க வேண்டாம். பெட்டி ஒரு பக்கத்திலும் அது எச்சரிக்கும் செயல்முறை அடுத்த தாளிலும் போய்விடக் கூடாது.

1-வது கேள்விக்கு என் கருத்து: தொடர் எண் போட்டுப் பசை பைண்டிங் செய்த புத்தகத்தில் அறிவிப்பு தேவையில்லை. 13-க்கு அடுத்து ஒரு காலி, பிறகு 15, மேலே புதிய அத்தியாயத் தலைப்பு. எதுவும் விடுபடவில்லை என்று வாசகருக்குத் தெரியும். நாவலில் யாரும் போடுவதில்லையே.

#5 திருத்தம்_7

மறுக்கிறேன். நாவலின் 14-ஆம் பக்கம் அச்சில் விழாமல் போனால் கதைதான் கெடும். பராமரிப்புக் கையேட்டில் விழாமல் போனால் ஒரு போல்ட்டின் முறுக்கு அளவோ, அழுத்தத்தை வெளியேற்றும் படியோ போயிருக்கலாம். கையேட்டைப் பிடித்து நிற்கும் தொழில்நுட்பர் அதை எப்படித் தெரிந்துகொள்வார்? அத்தியாயம் செயல்முறையின் 9-வது படியில் முடிகிறது, பின்பக்கம் காலி. 10-வது படி உண்டா இல்லையா என்ற சந்தேகத்தை அந்த ஒரு வரி தீர்த்துவிடுகிறது.

தாள் மாற்றும் கையேடுகளில், அதாவது வளையக் கோப்பில் போட்டுத் திருத்தத் தாள்களைச் செருகும் வகையில், இது கட்டாயம் என்றே சொல்வேன். அங்கே காலிப் பக்கத்தில் அறிவிப்பு மட்டும் போதாது. ஆவண எண், திருத்த எண், பக்க எண் மூன்றும் வேண்டும். தாள் கழன்று கீழே விழுந்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் அது எங்கே சேர வேண்டும் என்று தெரிய வேண்டும். நடப்புப் பக்கங்களின் பட்டியலிலும் காலிப் பக்கம் தன் எண்ணோடு, 'வெற்று' என்ற குறிப்போடு இடம்பெறும். விமானப் பராமரிப்புக் கையேடுகளைப் புரட்டினால் இதைப் பார்க்கலாம்.

இதே வேலைக்கு இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்க ராணுவக் கையேடுகளுக்கான மில்-எஸ்டிடி-38784 தரத்தைப் பின்பற்றும் ஆவணங்களில், காலிப் பக்கத்தில் எதுவும் அச்சிடாமல் அதற்கு முந்தைய பக்கத்தின் எண்ணை '2-13/(2-14 வெற்று)' என்ற வடிவில் போடுவார்கள். காலிப் பக்கம் உண்மையிலேயே காலியாக இருக்கும், ஆனால் அதன் கணக்கு முன்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மடித்துச் செருகும் பெரிய வரைபடத் தாளுக்கு இதுதான் பொருத்தம். அதன் பின்பக்கத்தை யாரும் அச்சு இயந்திரத்தில் ஏற்றப் போவதில்லை.

'வெற்று' வேறு, 'நீக்கப்பட்டது' வேறு. திருத்தத்தில் ஒரு பக்கத்தின் உள்ளடக்கம் எடுக்கப்பட்டால் அங்கே 'நீக்கப்பட்டது' என்று, எந்தத் திருத்தத்தில் என்பதோடு போட வேண்டும். அதை வெற்று என்று போட்டால் பழைய தாளை வைத்திருப்பவர் தன்னிடம் இருப்பதும் செல்லும் என்றே நினைப்பார்.

#6 வலப்பக்கம்

வளையக் கோப்பு விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். நான் சொன்னது பைண்டிங் செய்த நூலுக்கு. ஆனால் 9-வது படி உதாரணம் சரிதான். செயல்முறையில் முடிகிற அத்தியாயத்துக்கு அறிவிப்பு இருக்கட்டும். முன்பகுதியின் 12-ஆம் பக்கத்துக்கு எதற்கு?

#7 திருத்தம்_7

ஒரே நூலில் சில காலிப் பக்கங்களில் அறிவிப்பு, சிலவற்றில் இல்லை என்றால், அறிவிப்பு இல்லாத பக்கம் அச்சுப் பிழை மாதிரிதான் தெரியும். போட்டால் எல்லாவற்றிலும் போடுங்கள். ஃபாரம் கணக்குக்காக நூலின் கடைசியில் வரும் தாள்கள் மட்டும் விலக்கு. அவற்றுக்கு எண்ணும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். அல்லது கோடு போட்டுக் 'குறிப்புகள்' என்று கொடுத்துவிடுங்கள். களத்தில் வேலை செய்பவர்கள் அதில் எழுதுவார்கள்.

#8 மாட்_இரண்டு

2-வது கேள்விக்கு. நீங்கள் போட்டிருப்பது 'ஒற்றைப் பக்கம்' வகைப் பிரிவு முறிப்பு. முந்தைய பிரிவு ஒற்றையில் முடிந்தால் வேர்ட் நடுவில் ஒரு பக்கத்தைத் தானே நுழைக்கிறது, ஆனால் அச்சிலும் பிடிஎஃப்பிலும் மட்டும். ஆவணத்தில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. அதனால்தான் ஹெடர், ஃபூட்டர், உரை எதுவும் அதில் ஏறாது. எந்த அமைப்பை மாற்றினாலும் ஏற்ற முடியாது.

முன்பகுதிக்கும் இதுவேதான். ரோமன் 11-க்கு அடுத்து எண்ணை 1 என்று மறுபடி தொடங்கினால், முறிப்பு 'அடுத்த பக்கம்' வகையாக இருந்தாலும் நடுவில் ஒன்று நுழையும். ஒற்றை எண்ணின் முதுகில் இன்னொரு ஒற்றை எண்ணை வேர்ட் அச்சிடாது.

அறிவிப்பு வேண்டுமென்றால் அந்த ஆவிப் பக்கத்தை முந்திக்கொண்டு நாமே ஒரு நிஜப் பக்கத்தை, தேவைப்படும்போது மட்டும் உண்டாக்க வேண்டும். அதற்குப் புலக் குறியீடு (புலம் என்பது வேர்ட் தானே கணக்கிட்டு நிரப்பும் இடம்):

அ. அத்தியாயத்தின் கடைசிப் பத்தியின் கடைசி எழுத்துக்குப் பின் கர்சரை வையுங்கள். தனிப் பத்தியாக வேண்டாம்.
ஆ. கன்ட்ரோல்+எஃப்9 அழுத்தினால் இரட்டை வளைவு அடைப்பு வரும். விசைப்பலகையில் நேராக அடிக்கும் வளைவு அடைப்பு வேலை செய்யாது.
இ. அதற்குள் இஃப் புலம். அதன் நிபந்தனைக்குள் இன்னொரு கன்ட்ரோல்+எஃப்9, அதில் சமக்குறியும் மாட் சார்பும். மாட் சார்புக்குள் மூன்றாவது கன்ட்ரோல்+எஃப்9, அதில் பேஜ். பக்க எண்ணை 2-ஆல் வகுத்த மீதி 1-ஆ என்று கேட்க வேண்டும்.
ஈ. ஆம் என்றால் தர வேண்டியது: மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பக்க முறிப்பு (கன்ட்ரோல்+என்டர்), அதன்பின் அறிவிப்பு வரி. இல்லை என்றால் வெறும் மேற்கோள் குறிகள்.
உ. இதன்பின் வழக்கமான ஒற்றைப் பக்கப் பிரிவு முறிப்பு.
ஊ. கன்ட்ரோல்+ஏ, எஃப்9. பிறகு அச்சு முன்னோட்டம் போய்த் திரும்பி வந்து மறுபடி எஃப்9.

இரண்டு தடவை புதுப்பிப்பது ஏன் என்றால், முதல் தடவை கணக்கிடும்போது பழைய பக்கப் பிரிப்பு இருக்கலாம். முன்னாலுள்ள அத்தியாயத்தில் ஒரு காலி கூடியோ குறைந்தோ போனால் பின்னால் எல்லாம் நகரும்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்: மாட் சார்புக்குள் இரண்டு மதிப்புகளையும் பிரிக்கும் குறி கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது, சில கணினிகளில் காற்புள்ளி, சிலவற்றில் அரைப்புள்ளி. தவறாக இருந்தால் தொடரமைப்புப் பிழை என்று காட்டும். ஆல்ட்+எஃப்9 அழுத்திக் குறியீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மூடாமல் பிடிஎஃப் எடுப்பதும் அடிக்கடி நடக்கும். பக்கப் பிரிப்பு மொத்தமும் குலைந்து வரும்.

இன்னொரு வகைக் காலிப் பக்கமும் வேர்டில் உண்டு, அது வேறு நோய். அத்தியாயம் அட்டவணையோடு முடிந்தால் அதன்பின் ஒரு வெற்றுப் பத்தி கட்டாயம் இருக்கும், நீக்க முடியாது. அட்டவணை பக்கத்தின் அடிவரை நிறைந்திருந்தால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். மருந்து: அந்தப் பத்தியின் எழுத்தளவு 1 புள்ளி, வரி இடைவெளி 'துல்லியமாக' 1 புள்ளி, முன்பின் இடைவெளி பூஜ்யம். 7-வது அத்தியாயம் அட்டவணையில்தான் முடிகிறது என்கிறீர்கள், இதை முதலில் பாருங்கள்.

#9 உரைநிரல்

லேடெக்ஸில் (கட்டளைகளால் பக்கம் அமைக்கும் மென்பொருள்) இருப்பவர்களுக்கும் யாராவது சொல்லுங்களேன். புக் வகுப்பு, கிளியர்டபுள்பேஜ் (அடுத்த வலப்பக்கத்துக்குத் தாவும் கட்டளை) எல்லாம் தெரியும். காலிப் பக்கத்தில் முந்தைய அத்தியாயத்தின் ஹெடர் வந்து நிற்கிறது, அதுதான் எரிச்சல்.

#10 டெக்ஸ்_பிரியா

ஹெடர் மட்டும் போனால் போதுமென்றால் 'எம்ப்டிபேஜ்' தொகுப்பைச் சேர்த்துவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். கோமா-ஸ்கிரிப்ட் வகுப்புகளில் கிளியர்டபுள்பேஜ் என்ற பெயரிலேயே விருப்பம் இருக்கிறது, மதிப்பு எம்ப்டி அல்லது பிளெய்ன். மெமாயர் வகுப்பில் கிளியர்டுரெக்டோ, கிளியர்டுவெர்சோ என்று வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிக் கட்டளை.

அறிவிப்பு வேண்டுமென்றால் கிளியர்டபுள்பேஜை மறுவரையறை செய்ய வேண்டும். வரிசை இதுதான்: கிளியர்பேஜ், இருபக்க ஆவணமா என்ற சோதனை, பக்க எண் ஒற்றையா என்ற சோதனை, ஒற்றை இல்லையென்றால் ஒரு வெற்று எச்பாக்ஸ், நட்சத்திரம் போட்ட விஸ்பேஸில் ஃபில், நடுவாக்கிய அறிவிப்பு வரி, மறுபடி விஸ்பேஸ் ஃபில், திஸ்பேஜ்ஸ்டைல், நியூபேஜ். பக்க எண் வேண்டுமென்றால் திஸ்பேஜ்ஸ்டைலுக்கு பிளெய்ன், வேண்டாமென்றால் எம்ப்டி. உள் கட்டளைப் பெயர்களில் 'அட்' குறி வருவதால் மேக்அட்லெட்டர், மேக்அட்அதர் இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். மறந்தால் பிழைச் செய்தி சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டும்.

அந்த வெற்றுப் பெட்டி எதற்கு? பக்கத்தின் உச்சியில் எதுவும் இல்லாமல் வரும் இடைவெளியை டெக்ஸ் விழுங்கிவிடும். அதனால்தான் இரண்டு நியூபேஜை அடுத்தடுத்துப் போட்டாலும் காலிப் பக்கம் வராது. கிளியர்பேஜுக்குப் பதில் நியூபேஜ் போடுவதும் தப்பு. தேங்கி நிற்கும் மிதவைப் படங்கள் வெளியேறாமல், அறிவிப்புப் பக்கத்துக்கும் பிறகு அடுத்த அத்தியாயத்துக்குள் போய் விழும்.

#11 கோண_அடைப்பு

எக்ஸ்எம்எல் மூலத்திலிருந்து எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ (அச்சுப் பக்க அமைப்பை விவரிக்கும் மொழி) வழியாக எடுப்பவர்களுக்கு. அத்தியாயத்தின் பேஜ்-சீக்வென்ஸில் (தொடர் பக்கங்களின் தொகுதி) இனிஷியல்-பேஜ்-நம்பர் 'ஆட்டோ-ஆட்' என்று இருந்தால், முந்தையதன் ஃபோர்ஸ்-பேஜ்-கவுன்ட் இயல்பான 'ஆட்டோ'வில் இருக்கும்வரை காலிப் பக்கம் தானே உண்டாகும். கடைசிப் பேஜ்-சீக்வென்ஸுக்கு அடுத்தது எதுவும் இல்லாததால் அது மட்டும் ஒற்றையில் நின்றுவிடும். அதற்கு 'எண்ட்-ஆன்-ஈவன்' கொடுங்கள். 'ஈவன்' கொடுக்காதீர்கள், அது பக்கங்களின் எண்ணிக்கையை இரட்டையாக்கும், கடைசிப் பக்க எண்ணை அல்ல. ஒற்றையில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், இரட்டையில் தொடங்கும் பகுதியில் குட்டு வெளிப்படும்.

அறிவிப்புக்கு பிளாங்க்-ஆர்-நாட்-பிளாங்க் நிபந்தனையோடு தனிப் பக்க மாஸ்டர் (பக்க வார்ப்பு). காலிப் பக்கத்தின் உடல் பகுதிக்குள் ஃப்ளோ (ஓடும் உரை) வராது, எனவே வரியை ஸ்டாடிக்-கன்டென்டில்தான் (ஹெடர், ஃபூட்டர் போன்ற நிலையான உரை) வைக்க முடியும். மேல் பகுதிக்குத் தனிப் பெயர் கொடுத்து, அதன் எக்ஸ்டென்ட்டைப் பக்கத்தின் பாதி உயரத்துக்கு நீட்டி, உள்ளே அறிவிப்பைக் கீழாகச் சீரமைத்தால் நடுப்பக்கத்தில் வரும். எழுத்துருவை ஃப்ளோவில் மட்டும் அறிவித்திருந்தால் ஸ்டாடிக்-கன்டென்ட் அதைப் பெறாது. தமிழ் வரி கட்டம் கட்டமாகவோ சதுரங்களாகவோ வரும். வேரிலேயே அறிவித்துவிடுங்கள்.

சிஎஸ்எஸ் (இணையப் பக்க வடிவமைப்பு மொழி) வழியாக அச்சு எடுப்பவர்களுக்கு இதே வேலையை 'பேஜ்' விதியில் பிளாங்க் தேர்வி செய்கிறது. அங்கேயும் உடலில் எழுத முடியாது, விளிம்புப் பெட்டியில்தான் எழுத வேண்டும்.

எந்தக் கருவியானாலும் ஒன்று: காலிப் பக்கத்தைக் கையால் செருகி வைக்காதீர்கள். ஒரே கையேடு இரண்டு மொழியில் போகும்போது ஒரு மொழியில் 13 பக்கமாக வந்த அத்தியாயம் இன்னொன்றில் 14 ஆகும். கையால் வைத்த காலிப் பக்கம் அங்கே வலப்பக்கத்தில் போய் உட்காரும்.

#12 உரைநிரல்

ஃப்ரேம்மேக்கர், இன்டிசைன் மாதிரிப் பக்க வடிவமைப்பு மென்பொருள்களில்?

#13 கோண_அடைப்பு

இன்டிசைன்: புக் பேனலின் பக்க எண் அமைப்பில் 'அடுத்த ஒற்றைப் பக்கத்தில் தொடர்க' என்பதோடு 'காலிப் பக்கம் செருகு' என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதை விட்டால் எண் மட்டும் தாவும், பக்கம் வராது. ஃப்ரேம்மேக்கர்: பேஜினேஷனில் சேமிக்கும் முன் 'பக்க எண்ணிக்கையை இரட்டையாக்கு'. அங்கே காலிப் பக்கம் இடப்பக்க மாஸ்டரைத்தான் எடுக்கும், அறிவிப்புக்குத் தனி மாஸ்டர் செய்து பொருத்த வேண்டும்.

#14 வலப்பக்கம்

ப்ரூஃப் எடுக்கும்போது ஒரு விஷயம். அலுவலக பிரிண்டர் டிரைவர்கள் பலவற்றில் 'காலிப் பக்கங்களைத் தவிர்' என்ற விருப்பம் உண்டு, சிலவற்றில் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். இருபக்க அச்சில் இது இருந்தால் 13-ன் முதுகில் 15 ஏறும். அங்கிருந்து ஒற்றை எண்கள் எல்லாம் இடப்பக்கம். பைண்டிங் ஓரம் வெளியே போய்விடும், வெளி ஓரம் முதுகுக்குள் போய்விடும். அடுத்த காலிப் பக்கம் வந்ததும் தானே சரியாகும், அதற்கு அடுத்ததில் மறுபடி கெடும். வடிவமைப்பில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார்கள், கோப்பில் ஒன்றும் இருக்காது. அறிவிப்பு வரி இருக்கும் பக்கத்தை டிரைவர் காலி என்று எடுத்துக்கொள்ளாது. (ஆமாம், இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லாப் பக்கத்திலும் போடலாம் என்று #7-க்கு இறங்கி வருகிறேன்.)

ஸ்கேனர்களிலும் இதே விருப்பம் உண்டு. அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து ஆவணக் காப்பில் வைப்பவர்களிடம் பக்கங்கள் குறைந்து போவது இதனால்தான்.

#15 கையேடு_எழுத்தன்

எல்லாருக்கும் நன்றி. 7-வது அத்தியாயம் 8 பக்கத்துக்குள் வந்துவிட்டது. ஒரு படத்துக்கு மேலே ஓட்டை இருந்தது, வலப்பக்கம் சொன்ன மாதிரியே. மொத்தம் 200. 4-வது கேள்விதான் பாக்கி. இணையப் பதிப்பில் அத்தியாயங்களை எந்தப் பக்கத்திலும் தொடங்கவிட்டு இன்னொரு பிடிஎஃப் எடுக்கலாமா?

#16 திருத்தம்_7

வேண்டாம். அப்படி எடுத்தால் இரண்டு பதிப்பிலும் பக்க எண்கள் வேறுபடும். தொலைபேசியில் 'பக்கம் 87 பாருங்கள்' என்று சொல்பவர் கையில் அச்சுப் பிரதி, கேட்பவர் கையில் திரை. 87-ல் அவருக்கு வேறு செயல்முறை இருக்கும்.

அச்சுக் கோப்பையே எடுத்துக் காலிப் பக்கங்களை மட்டும் நீக்குங்கள். எண்கள் 13-லிருந்து 15-க்குத் தாவட்டும். பிடிஎஃப்பில் பக்க அடையாளங்கள் சரியாக அமைந்திருந்தால், வாசிப்பு மென்பொருளின் பக்கப் பெட்டியில் 87 என்று அடித்தால் அச்சில் 87 எதுவோ அதற்கே போகும், ரோமன் எண்ணும் அப்படியே. தாவல் சந்தேகம் தராமலிருக்க, முந்தைய பக்கத்தின் அடியில் '13 / (14 வெற்று)' என்று போடும் முறை இரண்டு பதிப்புக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். நீக்க மனமில்லையென்றால் அப்படியே விட்டாலும் தப்பில்லை. திரையில் ஒரு காலிப் பக்கத்தைத் தாண்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் திரைபடிப்பானில் (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கேட்பவருக்கு அங்கே அறிவிப்பு வரியாவது இருக்க வேண்டும், வெறுமை இருக்கக் கூடாது.

#17 பைண்டிங்_பாலு

ஒரு நிமிஷம். 8-வது அத்தியாயத்துல ஆய்வுப் படிவம்னு போட்டிருக்கீங்களே, அது கிழிச்சு எடுக்கறதா?

#18 கையேடு_எழுத்தன்

ஆமாம் அண்ணே, நிரப்பிக் கிழித்துக் கோப்பில் வைப்பது. பழைய கணக்கில் 177. அதன் பின்னால் 178-ல் உதிரிபாகப் பட்டியல்.

#19 பைண்டிங்_பாலு

அப்ப முதல் தடவை படிவத்தைக் கிழிச்சதுமே உதிரிபாகப் பட்டியலும் போச்சு. கிழிக்கற தாளோட முதுகு காலியாத்தான் இருக்கணும், இங்க காலிப் பக்கம் வேணும்னே வைக்க வேண்டியது.

பட்டியலை அந்த அத்தியாயத்துக்குள்ளயே வேற பக்கத்துக்கு நகர்த்தினா ரெண்டு பக்கம் கூடும், 200 திரும்ப 202 ஆயிடும். அதனால இப்படிப் பண்ணுங்க. 7-வது இப்ப 155-லேர்ந்து 162. 8-வது 163-ல ஆரம்பிச்சு 174 வரைக்கும் உரை, 175 படிவம், 176 காலி. பொருளகராதி 177-லேர்ந்து 187. அதுக்கு அடுத்த 188 எப்படியும் காலியா வர்ற பக்கம். பட்டியலை அங்க போடுங்க. புத்தகத்தோட கடைசிப் பக்கம், அட்டையைத் திருப்பினா கைக்கு வரும், உதிரிபாகம் தேடறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மொத்தம் 12 + 188, அதே 200.

பெர்ஃபரேஷன் கோடு (கிழிக்கறதுக்கான துளைக் கோடு) முதுகை ஒட்டிப் போகக்கூடாது. பர்ஃபெக்ட் பைண்டிங்ல முதுகைச் சீவும்போது 2, 3 மி.மீ. போகும், பசை வேற கொஞ்சம் உள்ள ஏறும். முதுகுலேர்ந்து 12 மி.மீ.யாவது தள்ளி வையுங்க. படிவத்துல எழுதற கட்டங்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியில இருக்கணும், கோப்புல துளை போடற இடத்தையும் சேத்து விட்டுடுங்க. 176-ல அறிவிப்பு வரி போடலாம், ஆனா அதுவும் கிழிஞ்சு போற தாள்லதான் இருக்கும். அதனால 174 அடியில '175, 176 கிழித்தெடுக்கும் படிவம்'னு ஒரு வரி போட்டுடுங்க. அப்புறமா புத்தகத்தைப் பாக்கறவங்க ரெண்டு பக்கம் காணோம்னு தேட மாட்டாங்க.

#20 வலப்பக்கம்

பட்டியல் இடம் மாறினால் பொருளடக்கத்திலும் பொருளகராதியிலும் 178 என்று இருப்பது 188 ஆக வேண்டும். கையால் அடித்த எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விரித்துப் பார்க்கும் மின்சுற்று வரைபடம் ஏதாவது உண்டா? இருந்தால் அதன் பைண்டிங் ஓரத்தில் ஒரு முழுப் பக்க அகலத்துக்குக் காலி விட்டு, படத்தை அதற்கு வெளியே வரையுங்கள். தாளை விரித்தால் படம் முழுக்கப் புத்தகத்துக்கு வெளியே நிற்கும், வேறு பக்கத்தைப் படித்துக்கொண்டே பார்க்கலாம்.

#21 கையேடு_எழுத்தன்

வரைபடம் தனித் தாளாக உறையில் போகிறது, அந்தத் தொல்லை இல்லை. குறுக்குக் குறிப்புகள் எல்லாம் புலங்கள்தான், ஒரே ஒரு இடத்தில் கையால் அடித்த 178 கிடைத்தது, மாற்றிவிட்டேன். அச்சகத்துக்குக் கோப்போடு வேறு என்ன அனுப்ப வேண்டும்?

#22 பைண்டிங்_பாலு

காலிப் பக்கப் பட்டியல் ஒண்ணு, ரெண்டு எண்ணோட: புத்தக எண், பிடிஎஃப்ல எத்தனாவது. உங்களுக்கு ரோமன் 12 பிடிஎஃப்ல 12-வது, 14 வந்து 26-வது, 68 வந்து 80, 114 வந்து 126, 176 வந்து 188. அஞ்சுதான். சோதனை மென்பொருள் காலிப் பக்கம்னு எச்சரிக்கை காட்டும்போது அவங்க வேலையை நிறுத்திட்டு உங்களுக்கு போன் பண்ண வேண்டாம். அதைவிட, அவங்களே தேவையில்லைன்னு நினைச்சு ஒண்ணைத் தூக்கிடவும் மாட்டாங்க.

காலிப் பக்கமும் மத்ததோட அதே அளவுல, அதே ப்ளீட் ஓரத்தோட (வெட்டறதுக்காக விடற கூடுதல் ஓரம்) இருக்கான்னு பாருங்க. வேற கோப்புலேர்ந்து எடுத்துச் சொருகின காலிப் பக்கம் ஏ4-ல இருக்கும், இம்போசிஷன்ல அந்த ஒரு பக்கத்தால மொத்த ஃபாரமும் நகரும். அச்சகத்துலேர்ந்து மடிச்ச டம்மி (மாதிரிப் பிரதி) ஒண்ணு கேட்டு வாங்கி, அந்த அஞ்சு இடத்தையும் தாளைத் திருப்பிப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.